மருந்து என்று பெயர் வைத்த நஞ்சு

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. காய்ச்சல் வந்தால் தோட்டத்து டிரஸ்ஸர் கொடுப்பது ஒன்று. முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு போய்ப் புல்லுக்கு அடிப்பது இன்னொன்று. “இன்னிக்கு என்ன வேலை?” என்று கேட்டால் “மருந்தடி” என்று பதில் வரும். யாரும் அதை வித்தியாசமாக நினைத்ததில்லை. இந்த விஷயத்தில் மலாய்மொழி நம்மைவிட நேர்மையானது. ‘ராச்சுன் ரும்புட்’ என்று அது நேராகச் சொல்லிவிடும்: புல் நஞ்சு. பூச்சிக்கொல்லிகளைக் கட்டுப்படுத்தும் நம் நாட்டு வாரியத்தின் மலாய்ப் பெயரிலும் ‘ராச்சுன்’ இருக்கிறது. நாம்தான் நஞ்சுக்கு மருந்து என்று பெயர் வைத்து, அதைப் பெண்கள் முதுகில் ஏற்றினோம்.

என் பெரியம்மா பேராவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் 19 ஆண்டுகள் மருந்தடித்தவர். குலை வெட்டுவது ஆண்களின் வேலை. அதற்குக் கூலியும் கூடுதல். மருந்தும் உரமும் பெண்களுக்கு. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். பிறகு மருந்துக் கொட்டகை. அங்கே தண்ணீரோடு கலந்து பம்பில் ஊற்றித் தோளில் மாட்டிவிடுவார்கள். ஒரு கை பிடியை மேலும் கீழும் அடித்துக்கொண்டே இருக்கும், மறு கை குழாயைப் பிடித்திருக்கும். ஒவ்வொரு செம்பனையையும் சுற்றி ஒரு வட்டம் அடிக்க வேண்டும். தோட்டம் மேடும் பள்ளமுமாக இருக்கும். பழைய பம்பு முதுகுப் பக்கம் ஒழுகும். காற்று எதிரே வீசினால் முகத்தில் தூறும். “மழைச்சாரல் மாதிரி குளுகுளுன்னுதான் இருக்கும்மா, அப்புறம்தான் எரியும்” என்பார் பெரியம்மா.

நகம் கருத்துக் கழன்றது. மூக்கில் ரத்தம் வந்தது. கண் மங்கலாகத் தெரிந்தது. டிரஸ்ஸர் பனடோல் கொடுத்தார், களிம்பு கொடுத்தார். வேலைக்குப் போட்ட சட்டையும் எங்கள் பள்ளிச் சீருடையும் ஒரே வாளியில் ஊறின. டப்பாவில் ஒட்டியிருந்த தாளில் மலாயும் ஆங்கிலமும் இருந்தன. பெரியம்மாவுக்குத் தெரிந்தது தமிழ் எழுத்து மட்டும். மண்டை ஓட்டுப் படத்தைக் காட்டி ‘இது என்ன’ என்று மண்டோரைக் கேட்டாராம். “குடிக்காதேன்னு அர்த்தம்” என்றாராம் அவர். பொய்யில்லை. ஆனால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போவதைப் பற்றி அந்தப் பதிலில் ஒன்றும் இல்லை.

அவர்கள் அடித்தவற்றில் முக்கியமானது பாராகுவாட். 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த களைக்கொல்லி இது. கிராமோக்சோன் என்ற பெயரில் தோட்டங்களில் பிரபலமானது. பிற்பாடு அந்தத் தொழில் சுவிட்சர்லாந்தின் சின்ஜென்டா நிறுவனத்திடம் போனது. வெயில் பட்டால் சில மணி நேரத்தில் புல்லைக் கருக்கிவிடும். மண்ணில் பட்டதும் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யாமல் போய்விடும், அதனால் மரத்தின் வேருக்குக் கெடுதல் இல்லை. விலையும் மலிவு. தோட்ட நிர்வாகங்கள் இதை ஏன் விடமாட்டேன் என்றன என்பது புரியாத ரகசியமல்ல. மனித உடம்பில்தான் கதை வேறு. நம் நுரையீரல் இந்த நஞ்சைத் தானே இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். சில நாட்களில் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். இதை முறிக்க மாற்று மருந்து இன்றுவரை கிடையாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலோ இது ‘மிதமான அபாயம்’ என்ற வகுப்பில் இருந்தது. எலிக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கை வைத்துப் போடும் வகுப்பு அது.

ஒரு தோட்டத்து லயத்தில் பேசிக்கொண்ட இந்தக் குறை எப்படி ஜெனிவா வரைக்கும் போனது? பல ஆண்டுகளாக எனக்கு இந்தக் கேள்வி இருந்தது. தேடிப் படித்தபோது, நம் வீட்டுக் கல்யாணங்களில் நடக்கும் மொய் ஞாபகத்துக்கு வந்தது. என்னிடம் இல்லாததை நீ போடு, உனக்குத் தேவைப்படும் நாளில் நான் போடுகிறேன் என்ற அதே கணக்கில்தான் இந்த இயக்கங்களும் நடந்திருக்கின்றன.

அதன் தொடக்கமே நம் பினாங்கில்தான். 1982 மே மாதம் பல நாட்டு ஆர்வலர்கள் அங்கே கூடி, பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான ஒரு வலையமைப்பை உருவாக்கினார்கள். ‘பான்’ என்று சுருக்கமாக அழைக்கப்படுவது அதுதான். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் டேவிட் வேயர், மார்க் ஷப்பிரோ என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் ஒரு நூல் எழுதியிருந்தார்கள். தங்கள் நாட்டில் விற்கக்கூடாத நச்சுகளை நிறுவனங்கள் ஏழை நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கின்றன, அது காய்கறியிலும் பழத்திலும் ஒட்டிக்கொண்டு திரும்பி வருகிறது என்பது அதன் சாரம். ‘நச்சு வட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த வட்டத்தின் ஒரு முனை அமெரிக்கா, ஐரோப்பா என்றால் மறுமுனை நம்மைப் போன்ற நாடுகள். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் மலேசிய பூமியின் நண்பர்கள் இயக்கமும் அப்போதே அங்கே வேர் விட்டிருந்தன. இரண்டுக்கும் தலைவராக இருந்தவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ். போபாலில் பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டது இதற்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான், 1984 டிசம்பர் 3-ஆம் தேதி. அந்த நாளை இவர்கள் இன்றும் பூச்சிக்கொல்லி வேண்டாம் நாளாக அனுசரிக்கிறார்கள்.

தோட்டத்துப் பெண்களிடம் முதலில் உட்கார்ந்து பேசியது ஐரின் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பு. லயத்து வாசலில் உட்கார்ந்து, எந்த மருந்து, எத்தனை ஆண்டு, எங்கே எரிகிறது என்று கேட்டு எழுதினார்கள். பினாங்கிலுள்ள பான் அமைப்பின் ஆசிய பசிபிக் அலுவலகமும் சேர்ந்துகொண்டது. 2002-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ‘நஞ்சூட்டப்பட்டு வாயடைக்கப்பட்டவர்கள்’ என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஐரின் அப்போது வேறொரு வழக்கில் நீதிமன்றத்துக்கு நடந்துகொண்டிருந்தார். அந்நியத் தொழிலாளர் தடுப்பு முகாம்களின் நிலையை எழுதியதற்காக 1996-இல் தொடங்கிய வழக்கு அது. 2003-இல் தண்டனை விதிக்கப்பட்டு, 2008-இல்தான் விடுதலையானார்.

அதே 2002 ஏப்ரலில் ஐரோப்பாவில் இன்னொரு அறிக்கை வந்தது. அதைப் போட்டவர்கள் ஐந்து பேர்: சுவிட்சர்லாந்தின் பெர்ன் பிரகடன இயக்கம், சுவீடனின் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், பிரிட்டனின் பான் கிளை, கோஸ்தாரிகாவின் வாழைத்தோட்டத் தொழிலாளர்களுக்காக நின்ற ஃபோரோ எமாவுஸ், நம் பினாங்கு அலுவலகம். இதில் யார் என்ன மொய் போட்டார்கள் என்று பாருங்கள். சுவிட்சர்லாந்துக்காரர்களிடம் தோட்டம் கிடையாது, மருந்தடிக்கும் பெண்கள் கிடையாது. ஆனால் தயாரிக்கும் நிறுவனத்தின் தலைமையகம் அவர்கள் ஊரில். பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்க அவர்களால் முடியும். அந்நாட்டிலேயே பாராகுவாட்டுக்கு 1989 முதல் அனுமதியில்லை. ‘உங்கள் புல்லுக்கு வேண்டாததை எங்கள் தலையில் ஏன் கொட்டுகிறீர்கள்’ என்பதை ஒரு மலேசியர் கேட்பதைவிட ஒரு சுவிஸ்காரர் தம் ஊரில் நின்று கேட்டால் நிறுவனத்துக்கு அதிகம் வலிக்கும். கேட்பதற்கு ஆதாரம் வேண்டுமே! அது பேராவிலிருந்தும் கோஸ்தாரிகாவிலிருந்தும் போனது.

நிறுவனங்களின் பதில் எப்போதும் ஒன்றுதான். லேபிளில் சொன்னபடி பாதுகாப்பு உடை போட்டு அடித்தால் ஆபத்தில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பெரியம்மாவிடம் ஒருமுறை இதைச் சொன்னேன்.

“போட்டாங்கம்மா, கொடுக்காம இல்ல. பூட்ஸு, ஏப்ரன், கண்ணாடி, மூக்கு மூடி எல்லாம் ஒரு நாள் கொடுத்தாங்க. பெரிய ஆளுங்க யாரோ பாக்க வந்தாங்க அன்னிக்கு. பத்து மணிக்கு மேல கண்ணாடில ஆவி அடிச்சு மரம் எது ஆளு எதுன்னு தெரியல. மூக்கு மூடி வேர்வைல நனைஞ்சு மூச்சு முட்டுது. கழட்டிப் பாதைல வச்சிட்டு அடிச்சேன். என்ன பண்றது, வட்டக் கணக்கு குறைஞ்சா சம்பளம் போயிருமே.”

என்னைப் பொறுத்தவரை பாராகுவாட் விவாதம் முழுவதும் இந்தப் பதிலில் அடங்கிவிடுகிறது. 33 பாகை வெயிலில், புழுக்கத்தில், மரக்கணக்குக்குக் கூலி வாங்குகிற ஒருவருக்குப் பாதுகாப்பாக இல்லாத பொருள், லேபிள் எத்தனை அழகாக இருந்தாலும் பாதுகாப்பானது அல்ல.

2002 ஆகஸ்டில் நம் அரசாங்கம் ஒரு முடிவெடுத்தது: பாராகுவாட்டுக்குப் புதிய பதிவு கிடையாது, இருப்பதையும் படிப்படியாக நிறுத்துவது. ஆசியாவில் பலர் இதை வியந்து பார்த்தார்கள். ஆனால் தோட்ட முதலாளிகளும் தயாரிப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. மாற்றுக் களைக்கொல்லிகளுக்குச் செலவு கூடும், சிறுதோட்டக்காரர்கள் தாங்கமாட்டார்கள் என்றார்கள். அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. 2006 இறுதியில், விரிவான ஆய்வு தேவை என்று சொல்லித் தடை தளர்த்தப்பட்டது. நான்கு ஆண்டு உழைப்பு ஓர் அறிவிப்பில் போனது.

ஒரே ஊரில் ஒரே அமைப்பு போராடியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இங்கே பின்வாங்கிய அடுத்த ஆண்டே, 2007 ஜூலை 11-ஆம் தேதி, லக்சம்பர்க்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் பாராகுவாட்டுக்குக் கொடுத்திருந்த அனுமதியை ரத்து செய்தது. இது இயக்கங்கள் போட்ட வழக்கல்ல. சுவீடன் அரசு போட்டது. டென்மார்க், ஆஸ்திரியா, பின்லாந்து துணை நின்றன. பார்க்கின்சன் நோயோடு உள்ள தொடர்பு பற்றிய ஆய்வுகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றது தீர்ப்பு. குவாத்தமாலாவில் நடந்த ஓர் ஆய்வையும் எடுத்துக்காட்டியது: அனுமதிக்கப்பட்ட நிபந்தனைகளின்படி அடித்தாலும் தொழிலாளியின் உடம்பில் ஏறும் அளவு வரம்பைத் தாண்டியிருக்கிறது. கண்ணாடியில் ஆவி அடித்ததாகப் பெரியம்மா சொன்னதற்கு வேறு கண்டத்திலிருந்து வந்த சாட்சி என்று அதை நான் படித்தேன்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்ல வேண்டும். மொய் ஒரே திசையில் போகவில்லை என்பதற்கு அது நல்ல உதாரணம். கேரளத்தின் வடகோடியில் காசர்கோடு. அங்கே அரசு நிறுவனம் ஒன்றின் முந்திரித் தோட்டங்களில் 1970-களின் இறுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் என்டோசல்பான் தெளித்தார்கள். மலைச்சரிவில் வீடு, கீழே ஓடை, மேலே மருந்து. பிள்ளைகள் குறையோடு பிறந்தார்கள். ஊர் மருத்துவர் ஒருவர் எழுதினார், ஒரு வேளாண் அலுவலர் நீதிமன்றம் போனார். திருவனந்தபுரத்தின் ‘தணல்’ அமைப்பு கூட நின்றது. (மலையாளத்தில் தணல் என்றால் நிழல், நமக்கு நெருப்புத் துண்டு. அந்த அமைப்புக்கு இரண்டு பொருளும் பொருந்தும்.) ஆனால் நஞ்சியல் தெரிந்த வெளியாள் ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. வந்தவர் பிலிப்பீன்ஸ் மருத்துவர் ரோமியோ கிஹானோ. என்டோசல்பான் பற்றிப் பேசியதற்காக 1990-களில் தம் நாட்டில் ஒரு பன்னாட்டு நிறுவனத்திடம் வழக்கு வாங்கியவர் அவர். காசர்கோட்டில் அவர் கண்டதைப் பினாங்கு அலுவலகம் 2002-இல் அறிக்கையாக வெளியிட்டது. மலையாளிகளின் துயரம், பிலிப்பீன்ஸ்காரரின் கண், பினாங்கின் அச்சு.

2011 ஏப்ரலில் ஜெனிவாவில் ஸ்டாக்ஹோம் ஒப்பந்த நாடுகள் கூடி, சில விலக்குகளோடு, என்டோசல்பானை உலகளவில் ஒழிக்க முடிவெடுத்தன. அந்தக் கூட்டம் நடந்தபோது கேரள முதல்வர் அச்சுதானந்தன் திருவனந்தபுரத்தில் உண்ணாவிரதம் இருந்தார். மே 13-இல் இந்திய உச்ச நீதிமன்றமும் இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு கேரளம் வேறு சில கொடிய மருந்துகளையும் நிறுத்தியது. பட்டியலில் பாராகுவாட்டும் இருந்தது. போட்ட மொய் அப்படியும் திரும்பி வந்தது.

நம் நாட்டில் பாராகுவாட்டுக்கு முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதி. 2002-லிருந்து கணக்குப் போட்டால் 18-ஆவது ஆண்டு. ஐரின் 2014 மார்ச்சில் காலமாகிவிட்டார். இத்ரிஸ் அதைப் பார்க்க ஏழு மாதம் மிச்சமிருக்கும்போது, 2019 மே மாதம் மறைந்தார். அதே 2020 ஜூனில் தாய்லாந்தும் தடை செய்தது. வியட்நாம் அதற்கு முன்பே முடித்திருந்தது. இப்படி அக்கம்பக்கத்து நாடுகள் ஒவ்வொன்றாகச் செய்யும்போது, ‘நாம் மட்டும் நிறுத்தினால் போட்டியில் பின்தங்குவோம்’ என்ற வாதம் தானாக மெலிந்துவிடுகிறது.

எல்லா ஒத்துழைப்பையும் நான் இப்படிப் புகழமாட்டேன். முப்பது அமைப்புகள் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றைப் படித்துவிட்டு அதில் எத்தனை பேர் அந்தத் தோட்டத்தை வரைபடத்திலாவது பார்த்திருப்பார்கள் என்று யோசித்திருக்கிறேன். பெயரைச் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. ஆளை அனுப்புவதும், வழக்குக்கு ஆவணம் தேடிக் கொடுப்பதும், நிறுவனத்தின் வாசலில் போய் நிற்பதும்தான் மொய். இன்னொரு மனக்குறையும் உண்டு. யாருடைய உடம்பைப் பற்றி இத்தனை அறிக்கைகள் எழுதப்பட்டனவோ அந்தப் பெண்களின் கையில் அவை தமிழில் வந்து சேர்ந்ததாக எனக்குத் தெரிந்த வட்டத்தில் யாரும் சொல்லவில்லை. பெரியம்மா தடை வந்த செய்தியையே என்னிடம்தான் தெரிந்துகொண்டார். அவர் அப்போது வேலையை விட்டு, தாமான் வீட்டுக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

“சுவிசுக்காரனுக்கு நம்ம மேல என்ன அக்கறை?” என்பது அவருடைய முதல் கேள்வி. காசு வாங்கியிருப்பானோ என்ற சந்தேகம் அவருக்கு இருந்தது. குவாத்தமாலா எங்கே இருக்கிறது என்று என் பையனின் உலகப் படத்தில் காட்டினேன். அங்கேயும் பொம்பிளைங்கதான் அடிப்பாங்களா என்று கேட்டார். அங்கே பெரும்பாலும் ஆண்கள் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வேலை முடிந்துவிடவில்லை. சர்வதேச வணிகத்தில் இத்தகைய நஞ்சுகள் கைமாறும்போது, இறக்குமதி செய்யும் நாட்டின் சம்மதத்தை முன்கூட்டியே பெற வேண்டும் என்கிறது ரோட்டர்டாம் ஒப்பந்தம். அதன் பட்டியலில் பாராகுவாட்டைச் சேர்க்கப் பல ஆண்டுகளாக முயல்கிறார்கள். எல்லா நாடும் ஒப்பினால்தான் சேரும். எதிர்த்த சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அங்கே இன்னும் கடையில் கிடைக்கிறது. ஒடிசாவில், கண்ணெதிரே நோயாளிகள் நுரையீரல் இறுகிச் சாவதைப் பார்க்கச் சகியாத அரசு மருத்துவர்களே 2019-இல் தடை கேட்டு இறங்கினார்கள். நம் நாட்டில் 2023 மே மாதம் முதல் குளோர்பைரிபோஸ், கார்போபியூரான் இரண்டும் விவசாயத்தில் நிறுத்தப்பட்டன. பாராகுவாட் விட்ட இடத்துக்கு வேறு களைக்கொல்லிகள் வந்திருக்கின்றன. அவற்றையும் முதுகில்தான் சுமக்கிறார்கள். முதுகு மட்டும் மாறியிருக்கிறது. இப்போது அது இந்தோனேசியருடையது, வங்காளதேசியுடையது, நேப்பாளியுடையது. அவர்களுக்கும் லேபிள் மொழி புரிவதில்லை.

போன தீபாவளிக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் இரண்டு வங்காளதேசப் பையன்கள் முறுக்கு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள். பெரியம்மா ஒருவனின் கையைப் பிடித்துத் திருப்பி நகத்தைப் பார்த்தார். பிறகு, தமக்குத் தெரிந்த மலாயில் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: வேலைச் சட்டையைத் தனி வாளியில் ஊற வை, சோறு சாப்பிடுமுன் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவு, பம்பு ஒழுகினால் அன்றைக்கு எடுக்காதே, மண்டோர் திட்டினால் திட்டட்டும். அவன் தலையாட்டினான். டப்பாவின் பெயர் என்ன என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. நாளைக்கு அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு வா, இவள் படித்துச் சொல்வாள் என்று என்னைக் காட்டினார். மறுநாள் மாலை படம் என் கைப்பேசிக்கு வந்துவிட்டது.